பிழைத்த நாளே பிறந்த நாள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் இலக்கிய வட்டத்திற்கு இன்று பத்து வயது நிறைகின்றது. வட்டத்தின் பிறந்தநாளன்று ஒரு பிள்ளையின் பிறந்தநாளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். குடும்ப வாழ்வின் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே அந்த நாளை நம்மவர் எவ்வாறு கொண்டாடினர், எவ்வாறு கொண்டாட வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். கேட்டவுடன் எளிய பொருளாகத் தோன்றிற்று. எண்ணத் தொடங்கியதும், நம் இலக்கியத்தின் பெரும்பகுதி இதனுள் அடங்கிக் கிடப்பதைக் கண்டேன்.

முதலில் ஒரு வினாவை உங்கள் முன் வைக்கின்றேன். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கண்மாயில் நீர் இல்லை, பயிர் பொய்த்துவிட்டது. நகை அடகுக் கடையில் இருக்கின்றது. பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு. சென்ற திங்களில்தான் வீட்டுப் பெரியவர் மறைந்தார். இந்நிலையில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகின்றது. வீட்டார் என்ன செய்வது? கொண்டாடினால், 'இந்த நேரத்தில் இது தேவையா?' என்று ஊர் கேட்கும். கொண்டாடாமல் விட்டால், வாசலில் நிற்கும் பிள்ளையின் முகம் கேட்கும். இந்த வினாவைச் சந்திக்காத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. இதற்கு நம் முன்னோர் விடை வைத்திருக்கின்றனரா என்று தேடியதன் பயனே இந்த உரை.

தமிழில் பிறந்தநாளைப் பற்றிய மிகப் பழைய செய்தி தொல்காப்பியத்தில் இருக்கின்றது. புறத்திணையியலில் பாடாண் திணையின் துறைகளைச் சொல்லி வரும் ஆசிரியர், அரசன் பிறந்தநாளில் நிகழும் பெருமங்கலத்தையும் ஒரு துறையாக வைக்கின்றார். அந்நாளில் அரசன் வெண்ணிற ஆடை புனைவதால் அதற்கு வெள்ளணி என்றும் பெயர். பின்வந்த இலக்கண நூலார் நாண்மங்கலம் என்றனர். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. யானையையும் முரசையும் பொற்குவியலையும் அந்நாளின் இலக்கணமாக ஆசிரியர் கூறவில்லை. அரசன் தன் சினத்தை விலக்க வேண்டும் என்பதையே அதற்கு அடையாளமாகக் கூறுகின்றார். சிறைப்பட்டவரை விடுவித்தல், கொலையும் போரும் தவிர்தல் என்று உரையாசிரியர் அதனை விரித்துரைப்பர். அரசனின் சினம் நாட்டையே எரிக்கக்கூடியது. அதை ஒருநாள் அவன் இறக்கி வைக்கின்றான் என்றால், அன்று நாடு முழுவதும் மூச்சு விடுகின்றது. பிறந்தநாள் என்பது பகை தணியும் நாள் என்ற கருத்து நம்மிடம் அத்துணைப் பழமையானது.

ஆனால் அது அரசனுக்கு உரிய நாள். இராசராசனுக்கு ஐப்பசிச் சதயம் உண்டு. இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை உண்டு. உழவன் வீட்டுப் பிள்ளைக்கு என்ன உண்டு? கல்வெட்டு அவனுக்கு இல்லை. பல வீடுகளில் பிறந்த நாளைக் குறித்து வைத்த ஓலையும் இல்லை. 'கண்மாய் உடைந்த வருசம் பிறந்தவன்', 'பெரிய பஞ்சத்துக்கு மறு வருசம் பிறந்தவள்' என்றே கிழவிகள் வயது சொல்வர். பிள்ளையின் பிறப்பையும் குடும்பத்தின் இடரையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருந்த கணக்கு அது.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவாக 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முன்பும், சிற்றூர்களில் அதற்குப் பின்னர் நெடுநாளும், பிள்ளையின் பிறந்தநாளை உண்மையில் முடிவு செய்தவர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரே. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். உடனே கணக்குக்கு ஒத்து வரும்படி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதி எழுதப்படும். அரசு அலுவலகங்களில் மே மாத இறுதியிலும் ஜூன் மாத இறுதியிலும் கூட்டங் கூட்டமாக ஓய்வு பெற்றவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அத்தனை பேரும் ஒரே பருவத்தில் பிறந்தவர்கள் அல்லர். ஒரே பருவத்தில் பள்ளி வாசலில் நின்றவர்கள். இந்த அவையிலும் அத்தகையோர் இருப்பர். நகைப்பதற்கு உரிய செய்தியாக இது தோன்றலாம். ஆனால் அந்தக் கற்பனைத் தேதியைக் கொண்டுதான் ஒரு தலைமுறை படித்தது, வேலைக்குச் சென்றது, குடும்பத்தைக் கரையேற்றிற்று என்பதை மறந்துவிடலாகாது.

நாளைக் குறித்து வைக்காததற்கு எழுத்தறிவின்மை மட்டும் காரணம் அன்று. அச்சமும் காரணம். பிள்ளை தங்குமா என்ற அச்சம். அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழந்த வீட்டில், பிறகு பிறந்த பிள்ளையைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பாயி என்றும் பெயரிட்டனர். மூக்குக் குத்தி மூக்கன் என்றனர். பிச்சை என்று அழைத்தனர். அண்டை வீட்டுக்காரிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்து மீண்டும் வாங்கிக் கொண்டனர். விலை மதிப்பற்ற பிள்ளையைத் தவிட்டு விலைப் பிள்ளையாகக் காட்டினால் கூற்றுவன் திரும்பிப் பாரான் என்பது அந்தத் தாயின் கணக்கு. பகட்டாகப் பிறந்தநாள் கொண்டாடினால் கண்பட்டுவிடும் என்று அஞ்சியவள் அவள்தான். அவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிக் கடந்து செல்வது எளிது. 1971ஆம் ஆண்டின் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேரும், தமிழ்நாட்டில் 113 பேரும் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதற்கு முந்தைய காலம் இன்னும் கொடியது. 2020ஆம் ஆண்டின் கணக்கில் அந்த எண் இந்தியாவிற்கு 28, தமிழ்நாட்டிற்கு 13 என்று இறங்கியிருக்கின்றது. தடுப்பூசியும் தாய் சேய் நல நிலையமும் சத்துணவும் சேர்ந்து செய்த பெருஞ்செயல் அது. நம் பாட்டிமாரின் அச்சத்திற்குப் பின்னால் இருந்த எண்ணை அறிந்தால், அவர்கள் கையிலிருந்த தவிடு நம் கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

அவையோர்களே, இங்கே நாம் நிற்கும் மண்ணை நினைக்க வேண்டும். இது வாதவூரடிகள் பிறந்த மண். ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவிற்கு இவ்வூரிலிருந்து அடிகள் மதுரைக்கு எழுந்தருளும் காட்சியைச் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அடிகள் அருளிய திருவாசகத்தில் போற்றித் திருவகவல் என்ற பகுதி இருக்கின்றது. அதில் அவர் ஒரு பிறவியின் கணக்கைத் தொடங்குமிடம் பிறந்த நாள் அன்று. கருவுற்ற முதல் திங்கள். முதல் திங்களில் ஓர் இடர், இரண்டாம் திங்களில் ஓர் இடர் என்று பத்துத் திங்களையும் எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் உயிர் பிழைத்து வந்ததைச் சொல்கின்றார். பிறந்த பின்னும் அந்தக் கணக்கு நிற்பதில்லை. பசி, உறக்கம், கல்வி என்று தொடர்ந்து செல்லும் வரிசையில் செல்வத்தையும் வறுமையையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலிருந்தும் பிழைத்ததாகப் பாடுகின்றார். வறுமையிலிருந்து பிழைத்தல் நமக்குப் புரிகின்றது. செல்வத்திலிருந்தும் பிழைக்க வேண்டும் என்று சொன்னவர் பாண்டிய நாட்டின் அமைச்சராய்ச் செல்வத்தின் உச்சியைக் கண்டவர் என்பதை எண்ணும்போது அதன் பொருள் ஆழமாகின்றது.

பிழைத்தல் என்ற சொல்லை நோக்குங்கள். சாவிலிருந்து தப்புவது பிழைத்தல். வயிற்றுக்குச் சம்பாதிப்பது பிழைப்பு. தவறு செய்வதும் பிழை. ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றது. பிள்ளையின் பிறந்தநாளில் ஒரு வீடு கொண்டாட வேண்டியது எதை என்று என்னைக் கேட்டால், அடிகள் காட்டிய இந்தச் சொல்லையே விடையாகச் சொல்வேன். ஓர் ஆண்டு பிழைத்தோம். பிள்ளை காய்ச்சலிலிருந்து பிழைத்தது. தகப்பன் கடனிலிருந்து பிழைத்தான். தாய் ஓயாத உழைப்பிலிருந்து பிழைத்தாள். வளம் உள்ள ஆண்டில் மட்டும் கொண்டாடும் நாளாக அதை ஆக்கிவிட்டால், துன்பமுள்ள ஆண்டில் பிழைத்தது பெரிதில்லை என்றாகிவிடும். உண்மையில் துன்பமுள்ள ஆண்டில் பிழைத்ததே பெரிது.

நம் மதுரை வட்டாரத்தின் வழக்கம் இந்த உண்மையை வேறொரு வகையில் காத்து வந்திருக்கின்றது. கேக்கும் மெழுகுவத்தியும் வருவதற்கு முன்பு, பிள்ளையின் முதல் பெருநாள் முடி இறக்கிக் காது குத்தும் நாளாகவே இருந்தது. குலதெய்வத்தின் வாசலில், தாய்மாமன் மடியில் பிள்ளையை அமர்த்தி முடியை இறக்க வேண்டும். அந்த மடியிலேயே காதும் குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் அந்த விழா இல்லை. இதில் ஒரு பெரிய சூட்சுமம் அடங்கியிருக்கின்றது. சொத்துத் தகராற்றிலோ சீர்வரிசைக் குறையிலோ பேச்சு நின்றுபோன மைத்துனனை, பிள்ளைக்காகத் தகப்பனே சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். மானத்தை விட்டுப் படியேற வேண்டும். மாமனும் பழையதை மறந்து சீருடன் வந்து மடியைத் தர வேண்டும். தொல்காப்பியர் அரசனுக்குச் சொன்ன சினம் தணிதல், எழுதப்படாத சட்டமாக உழவர் வீட்டில் இவ்வாறு நடைமுறையில் இருந்து வந்தது. பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாததைப் பல் முளைக்காத பிள்ளை ஒன்று தீர்த்து வைத்திருக்கின்றது. அதன் காதில் ஏறிய சிறு பொன் வளையத்திற்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வலிமை இருந்தது.

அந்த வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விழாவிற்கு மொய் உண்டு. மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். வட்டியில்லாத சேமிப்பாகவும், கைமாற்றாகவும், இடிந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும் கைகளாகவும் மொய் பயன்பட்டிருக்கின்றது. அதுவே நாளடைவில் ஒரு கணக்கு வழக்காக மாறி, மொய் வாங்குவதற்காகவே விழா எடுக்கும் நிலையும் வந்தது. அன்று வந்த பணம் கடனை அடைக்கும். மறு ஆண்டு முதல், வந்தவர் வீட்டு விழாவிற்கெல்லாம் அதைக் கூட்டித் திருப்ப வேண்டும். பிள்ளையின் பெயரால் வரவு, பிள்ளையின் பெயரால் கடன். இன்று மண்டபமும், சாலையை மறைக்கும் விளம்பரத் தட்டிகளும் சேர்ந்துகொண்டன. தட்டியில் தலைவர்கள் படத்திற்கும் உறவினர் படத்திற்கும் நடுவே, பிள்ளையின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கின்றது. விழாவின் நாயகன் தூங்கிவிட்டான்; ஒலிபெருக்கியில் மொய்ப் பட்டியல் வாசிக்கப்படுகின்றது. பிழைத்ததைக் கொண்டாட எடுத்த விழாவிலிருந்தே ஒரு குடும்பம் பிழைத்து எழ வேண்டிய நிலை வரலாமா? இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, இந்தப் பொருளின் நடுநாயகமாக நான் கருதும் ஒரு காட்சிக்கு உங்களை அழைத்துச் செல்கின்றேன். அதுவும் மதுரையின் புறத்தே நிகழ்ந்தது.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை. பொருளெல்லாம் இழந்து, மனைவியின் சிலம்பை விற்று வாழ்வைத் தொடங்கலாம் என்று கோவலன் மதுரைக்கு வந்திருக்கின்றான். நகரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கவுந்தியடிகளும் கண்ணகியும் இருக்கும் இடத்தில் நிற்கின்றான். அங்கே மாடலன் என்னும் மறையோன் அவனைக் காண்கின்றான். பழைய நண்பன். கோவலன் வாழ்ந்த நாளில் செய்த நற்செயல்களையெல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்கே நினைவூட்டுகின்றான். அவற்றுள் முதலாவது, மாதவி பெற்ற பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டிய நாள். கணிகையர் பலர் கூடிக் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்க, கோவலன் தன் குலதெய்வத்தின் பெயரைச் சொல்கின்றான். முன்பு ஒருநாள் நடுக்கடலில் கலம் உடைந்து தன் முன்னோன் ஒருவன் அலையோடு போராடியபோது கரை சேர்த்த தெய்வம் மணிமேகலை. அந்தப் பெயரே குழந்தைக்கு ஆயிற்று. அன்று மாதவியுடன் இருந்து பொன்னை வாரி வழங்கினான். தானம் பெற வந்த முதியவர் ஒருவரை மதயானை பற்றியபோது, பாய்ந்து சென்று அவரை மீட்டதும் அன்றே.

கவிஞர்களே, இளங்கோவடிகள் இந்தக் காட்சியை வைத்த இடத்தை நோக்குங்கள். விழா நடந்தபோது அதைப் பாடவில்லை. புகார்க் காண்டத்தில் அதற்கு இடமிருந்தும் பாடவில்லை. கையில் பொருள் இல்லாமல், மறுநாள் கொலைக்களத்திற்குச் செல்லப் போகின்றவன் முன்னால், கடந்துபோன ஒரு நாளின் நினைவாக அதை வைக்கின்றார். வாழ்வு சரிந்தவனுக்கு நண்பன் கொண்டு வரும் ஆறுதல் எது? அவனுடைய மாடத்தைப் பற்றியோ கப்பல்களைப் பற்றியோ மாடலன் பேசவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளை நினைவூட்டுகின்றான். பொன் போய்விட்டது, அந்த நாள் போகவில்லை. அந்தக் குழந்தையின் பெயரோ, கடலில் பிழைத்த ஒரு குடும்பத்தின் நன்றிப் பெயர்.

இதே காட்சியில் நம்மை உறுத்தும் ஒன்றும் இருக்கின்றது. அந்த விழாவில் கண்ணகி இல்லை. புகாரில் ஒரு வீட்டில் பொன் மாரி பொழிந்தபோது, மற்றொரு வீட்டில் அவள் தனித்திருந்தாள். இப்போது மாடலன் அதைப் புகழ்ந்து பேசும்போதும் அவள் அங்கேதான் இருக்கின்றாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று அடிகள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் நாம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கொண்டாட்டத்திற்கும் வெளியே யாரோ ஒருவர் நிற்கின்றார். நம் வீடுகளில் காது குத்து நடக்கும்போது, பிள்ளையில்லாத சிற்றன்னையைச் 'சற்று அந்தப்பக்கம் இரு' என்று சொல்கின்றோமே, கணவனை இழந்த தாயை, அவள் பெற்ற பிள்ளைக்கே ஆரத்தி எடுக்கவிடாமல் அடுக்களைக்குள் நிறுத்துகின்றோமே, அவர்களெல்லாம் யார்? ஓர் ஆண்டின் இடரை அந்தப் பிள்ளைக்காகத் தாங்கியவர்கள் அவர்களே. குளிப்பாட்டியவள் ஒருத்தி, காய்ச்சலில் கண்விழித்தவள் ஒருத்தி. ஆரத்தித் தட்டைத் தொடுவதற்கு வேறொருத்தியா? பிழைத்ததைக் கொண்டாடும் நாளில், பிழைக்க வைத்தவளை வெளியே நிறுத்துவது அந்த நாளுக்கே செய்யும் பிழை.

கோவலன் பொன் கொடுத்துப் பெயரிட்ட அந்தப் பெண் பின்னர் என்ன ஆனாள் என்பதைச் சாத்தனார் சொல்கின்றார். துறவு பூண்டாள். வைகாசி விசாகத்தில், புத்தர் பெருமான் பிறந்த நன்னாளில், கோமுகிப் பொய்கையிலிருந்து வெளிவந்த அமுதசுரபியைக் கையேற்றாள். பசித்தவர் வயிற்றை நிறைத்தாள். ஒரு பெரியோனின் பிறந்தநாளில் தோன்றிய பாத்திரம் ஊரின் பசியைத் தீர்க்கின்றது. தந்தை பொன்னை வாரி இறைத்தான்; மகள் சோற்றை அள்ளி இட்டாள். பிறந்தநாளுக்கு இந்த இரண்டில் எது சிறப்பு என்பதற்கு நான் விளக்கம் தர வேண்டியதில்லை. இன்றும் தம் பிள்ளையின் பிறந்தநாளில் முதியோர் இல்லத்திற்கோ ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்திற்கோ ஒருவேளை உணவு அளிக்கும் குடும்பங்கள் மதுரையில் பல. அவர்கள் அறிந்தோ அறியாமலோ மணிமேகலையின் வழியில் நடக்கின்றனர்.

பெண் குழந்தை என்றதும், நம் மாவட்டத்தின் ஒரு துயரத்தைப் பேசாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெயர் பெண் சிசுக் கொலைச் செய்திகளோடு நாடெங்கும் பேசப்பட்டது. 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001ஆம் ஆண்டில் மதுரை உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கருவிலேயே பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னரும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர். எந்த ஒரு சாதியின் மீதும் ஊரின் மீதும் பழி போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வரதட்சிணை கேட்ட ஒவ்வொரு வீட்டிற்கும், ஆண் பிறந்தால் சர்க்கரையும் பெண் பிறந்தால் மௌனமும் பரிமாறிய ஒவ்வொரு வீட்டிற்கும் அதில் பங்கு உண்டு.

இந்தத் துயரத்திற்கு மாற்றாகவும் இந்த மண் இரண்டு தந்தையரைத் தந்திருக்கின்றது. இருவரும் பெறாத தந்தையர். ஒருவர் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரான். கண்ணனின் பிறப்பைத் திருக்கோட்டியூரில் நடக்கும் விழாவாகப் பாடி, எண்ணெயும் மஞ்சள் பொடியும் தூவி முற்றமெல்லாம் சேறாக்கியவர். கண்ணனுக்குக் காது குத்தும் விழாவைப் பன்னிரு திருநாமங்களோடு பாடியவர். அவர் தம் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டார். யார் பெற்ற பிள்ளை என்று கேட்கவில்லை, எடுத்து வளர்த்தார். கண்டெடுத்த அந்தப் பெண் குழந்தையின் பிறந்தநாளுக்கு, ஆடிப் பூரத்தன்று, ஓர் ஊரே கூடித் தேர் இழுக்கின்றது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நடக்கும் பெருங்கொண்டாட்டம் எது என்று யாரேனும் கேட்டால், அந்தத் தேரைக் காட்டுங்கள்.

மற்றொருவர் இவ்வூருக்கே உரியவராக மரபு போற்றும் கபிலர். பறம்பு மலை, இன்று நாம் பிரான்மலை என்பது, மூவேந்தரால் வீழ்ந்தது. வள்ளல் பாரி மாண்டான். அவன் மகளிர் இருவரும் ஒரே திங்களுக்குள் தந்தையையும் மலையையும் இழந்தனர். அவர்கள் இருவரும் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கின்றது. நிலவு நிறைந்த இரண்டு இரவுகளை அருகருகே வைத்து, தாம் இழந்ததை எண்ணுகின்றனர். நிலவு திரும்பி வந்தது, தந்தை வரவில்லை. நாள் திரும்பி வருவது பிள்ளைகளுக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவதில்லை என்பதற்கு அந்தப் பாட்டே சான்று. அவ்விருவரையும் கபிலர் தம் மக்களாகக் கொண்டு, காடும் மலையும் கடந்து, அவர்களுக்கு வாழ்வு தேடி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று நின்றார். அரசர்கள் மறுத்தனர். பெரும்புலவர் ஒருவர், பாடிப் பரிசில் பெறுவதை விடுத்து, நண்பனின் பிள்ளைகளுக்காக அவமானத்தைத் தாங்கினார். கவிஞர்களாகிய நமக்கு இதைவிட வேறு முன்மாதிரி எதற்கு?

இறுதியாக, உங்கள் தொழிலோடு நேரே தொடர்புடைய ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையைத் தமிழர் படைத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. ஆக மொத்தம் பத்து. ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாடுவது போதாதென்று, பிள்ளை தவழ்ந்தால் ஒரு பருவம், கை கொட்டினால் ஒரு பருவம், நடந்தால் ஒரு பருவம் என்று அதன் ஒவ்வொரு வளர்ச்சியையும் விழாவாக்கினர். இதற்குப் பொன் தேவையில்லை, கவனம் வேண்டும். அதன் முதற்பருவமாகிய காப்பில் தெய்வங்களை அழைக்கும்போது, அவர்களுடைய கொலைச் செயல்களைப் பாடலாகாது என்று இலக்கணம் விதித்தது. குழந்தையின் தொட்டிலருகே தெய்வமும் சினத்தை விட்டுவிட்டே வர வேண்டும்.

அந்த வகையில் தலைசிறந்த மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையில் அரங்கேற்றிய குமரகுருபரரின் இளமையை எண்ணுங்கள். திருவைகுண்டத்தில் பிறந்த அவர் ஐந்து வயது வரை பேசவில்லை என்று வரலாறு கூறும். முதல் பிறந்தநாள் வந்தது, பேச்சு இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் அந்தத் தாய்க்கு எப்படி விடிந்திருக்கும்! பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் கிடந்தனர். பிள்ளை வாய் திறந்தது. ஐந்தாண்டுகள் பேசாமல் இருந்த பிள்ளை வளர்ந்து, ஒரு குழந்தையின் மழலையையும் முத்தத்தையும் தமிழ் உள்ளளவும் நிற்கும்படி பாடிற்று. அந்த நான்கு பிறந்தநாள்களில் பெற்றோர் நம்பிக்கை இழந்து பிள்ளையை ஒதுக்கியிருந்தால், அந்தத் தமிழ் நமக்கு இல்லை. ஆகவே பேசாத பிள்ளையின் பிறந்தநாளும் பிறந்தநாளே. நடவாத பிள்ளை, பள்ளியில் பின்தங்கிய பிள்ளை, மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் பிள்ளை, எவருக்கும் அந்த நாள் தள்ளுபடி ஆகலாகாது.

கவிஞர்களே, உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. தலைவர்களின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப்பா எழுதுவதில் நாம் குறை வைக்கவில்லை. இனி நம் தெருவில், நம் உறவில், இந்த ஆண்டு துன்பப்பட்ட ஒரு வீட்டின் பிள்ளைக்கு, அதிலும் ஒரு பெண் பிள்ளைக்கு, அதன் பெயரை வைத்து நான்கு அடி வெண்பா ஒன்று எழுதிக் கொடுங்கள். தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி, பிறந்தநாள் காலையில் நேரில் சென்று வாசியுங்கள். அந்த வீட்டில் கேக் இல்லாமல் இருக்கலாம். ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் இருக்கும். அதை உண்டு வாருங்கள். வெளியே நிற்பவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள். அவரை உள்ளே அழையுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, பெட்டியில் மடித்து வைத்த தாளை ஒருநாள் எடுத்துப் பார்க்கும். கையில் ஒன்றும் இல்லாத நாளில், மாடலன் கோவலனுக்குச் சொன்ன சொல்லைப் போல, அந்தத் தாள் அதற்குத் துணை நிற்கும்.

நம் வட்டமும் பத்தாண்டுகளாகப் பிழைத்து வந்திருக்கின்றது. உறுப்பினர் கட்டணம் வராத திங்கள்களும், கேட்போர் நால்வரே அமர்ந்திருந்த கூட்டங்களும், கருத்து வேறுபாட்டால் பேச்சு நின்றுபோன நண்பர்களும் இதற்கும் உண்டு. அந்த நண்பர்களுக்கும் இன்று அழைப்பு அனுப்பியிருப்பதாக விழாக் குழுவினர் சொன்னபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். பிள்ளைத்தமிழுக்குப் பத்தோடு பருவம் நிறையும். நம் வட்டத்திற்கோ இனிமேல்தான் பருவம். வளர்க, வாழ்க என்று வாழ்த்தி அமர்கின்றேன்.